பழைய ஷூட்டிங் ஸ்பாட் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்ப்பவர்கள் எதைப் பார்த்து வாங்குவார்கள்?

நான் முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஸ்டுடியோ முத்திரை, ஸ்டில் எடுத்தவரின் ரப்பர் ஸ்டாம்பு, பென்சிலில் கிறுக்கிய தேதி, இதில் ஒன்று இருந்தாலும் போதும். முன்பக்கத்தில் இருப்பது எம்.ஜி.ஆரா, பானுமதியா என்பதெல்லாம் அப்புறம்தான்.

நான் சேர்ப்பது தமிழ்ப் படங்களின் வொர்க்கிங் ஸ்டில் மட்டும், அதாவது படப்பிடிப்பில் ஷாட்டுகளுக்கு இடையே எடுத்த புகைப்படங்கள். காட்சி ஸ்டில்களைப் பத்திரிகைக்கும் தியேட்டர் வாசலுக்கும் என்று நிறையப் பிரதி போட்டார்கள், தேடினால் கிடைத்துவிடும். ஷாட்டுக்கு நடுவே எடுத்தவை அப்படியில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. ராணி வேடத்தில் ஒரு நடிகை நாற்காலியில் சாய்ந்து காபி குடிக்கிறார். பின்னால் அரண்மனைத் தூண் பாதியில் நின்றுபோய் மூங்கில் முட்டு தெரிகிறது. மேலே பரணில் பனியனோடு ஒரு லைட்மேன், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் வந்திருக்காது. அந்த முகம் இந்த ஒரு தாளில் மட்டும்தான் மிச்சமோ என்னவோ. அதற்காகவே சேர்க்கிறேன்.

அசலா என்று பார்க்க விரல் போதும். பழைய பிரிண்டைத் திரும்பப் படம் பிடித்துப் போட்ட பிரதியில் மடிப்பு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது. 50-களில் போட்ட பிரிண்டின் தாளில் பிளாஸ்டிக் பூச்சு இருக்காது. சாய்த்துப் பிடித்தால் பல பிரிண்டுகளில் கறுப்பான இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு மின்னும். அது பழுதுதான், ஆனாலும் நல்ல சாட்சி. பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பத்திரிகையில் அச்சானது, வேண்டாம்.

ஒட்டும் ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள். தொடக்கத்தில் அப்படி வைத்து ஏழு படங்களை இழந்தேன். பசை பின்பக்கத்து எழுத்தைத் தின்றுவிட்டது, இன்னமும் வருத்தமாக இருக்கிறது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். சென்னைக் காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

தமிழ் சினிமாவின் தகவல்களையும் படங்களையும் தொகுத்த பிலிம் நியூஸ் ஆனந்தனை நினைக்காமல் இதைச் செய்ய முடியாது. 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். படத்தோடு விவரத்தையும் சேர்த்து வைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிது. பிற்பாடு அவர் தொகுப்பைத் தமிழ்நாடு அரசே வாங்கிக்கொண்டது.

நானும் கோடம்பாக்கத்துப் பெரியவர்களிடம் படங்களைக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களைப் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி வருகிறேன். அந்த லைட்மேனை இதுவரை யாரும் அடையாளம் சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னொருவரைப் பார்க்கப் போகிறேன்.