சாயம் எங்கே ஓடியது?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துப் பழகி வருகிறேன். ஒரு பெண் துணி துவைக்கும் இடத்தில் 'த கலர்ஸ் ரேன்' என்று வருகிறது. 'வண்ணங்கள் ஓடின' என்று எழுதினேன். என் அம்மா படித்துவிட்டு, "எங்கே ஓடிச்சு?" என்று கேட்டார். 'ரன்' என்ற சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருந்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா கேட்ட கேள்வியிலேயே வழி இருக்கிறது. எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, வினைச்சொல்லாக மட்டும் 'ரன்'னுக்கு 645 பொருள் கணக்கிட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989 பதிப்பில் முதலிடம் 'செட்'டுக்குத்தான். ரயில், மோட்டார், கணினி நிரல் என்று வந்ததெல்லாம் 'ரன்'னோடு ஒட்டிக்கொள்ள, அது முந்திவிட்டது.

நம் 'ஓடு'ம் லேசுப்பட்டதல்ல. பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கவலை வந்தால் வேலை ஓடுவதில்லை. ஆனால் இரண்டு சொற்களும் எல்லா இடத்திலும் சேர்ந்து போவதில்லை. ஆங்கிலத்தில் 'ரன்' வரும் இடங்களில் நமக்கு வேறு சொல் வரும்: மூக்கு ஒழுகும். கடையை நடத்துவோம். கிணறு வற்றும். அமெரிக்காவில் தேர்தலில் 'ஓடுகிறார்கள்', நாம் நிற்கிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நிற்கத்தான் செய்கிறார்கள்.

அப்புறம், ஸ்பிரின்ட், டேஷ், ஜாக், ஃப்ளீ என்று ஆங்கிலம் ஓட்டத்தின் வகைக்கு ஒரு வினை வைத்திருக்கிறது. நாம் பெரும்பாலும் 'ஓடு'வை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறோம். குழந்தை குடுகுடுவென்று ஓடும். பயந்தவன் தலைதெறிக்க ஓடுவான். பஸ்ஸைப் பிடிக்க விழுந்தடித்து ஓடுவோம். இந்த அடைகளை விட்டுவிட்டு வெறும் 'வேகமாக ஓடினான்' என்று மொழிபெயர்ப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். புதுச் சிவப்பு ரவிக்கையை வாளியில் நனைக்கிறோம். தண்ணீர் சிவக்கிறது, கூடக் கிடந்த வெள்ளை வேட்டி ரோஸ் நிறமாகிறது. ரவிக்கையைப் பார்த்துச் சொன்னால் 'சாயம் போய்விட்டது'. வேட்டியைப் பார்த்துச் சொன்னால் 'சாயம் ஏறிவிட்டது'. உங்கள் கதையில் அந்தப் பெண் எந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்?