விபிஎன் பச்சையாகத்தான் இருக்கிறது, டேலி மட்டும் ஏன் திறக்கவில்லை?

ஏற்காடு பக்கம் நாகலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு பார்க்கிறார். தினமும் மலை இறங்கி ஏற முடியாது என்பதால் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, அதற்காக, வீட்டிலிருந்தே கடை நெட்வொர்க்குக்குள் போக வழி தரும் ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளைக் கடையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "கனெக்ட் கொடுத்தால் பச்சை ஆகிவிடுகிறது சார். ஆனால் டேலி இருக்கும் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் வீட்டு ஃபைபரில் திறப்பதே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவு. எத்தனையோ தடவை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டேன். சில நாள் காலையில் ஹாட்ஸ்பாட் போட்டாலும் மஞ்சளிலேயே நிற்கிறது. அக்கா பையன் ஏதாவது இலவச விபிஎன் போடுங்க சித்தி என்கிறான், போடலாமா?"

முதல் வேலையாக, அழித்து அழித்து இன்ஸ்டால் செய்வதை நிறுத்துங்கள். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதே லேப்டாப், கடையில் தந்த அதே விபிஎன் கோப்பு, அதே பாஸ்வேர்டு ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறது என்றால் லேப்டாப்பில் கோளாறு இல்லை, கடை பக்கத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாறியது நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான். அதனால் கோளாறை உங்கள் வீட்டு ரூட்டரில்தான் தேட வேண்டும்.

பச்சை என்றால் உங்கள் லேப்டாப்பிலிருந்து கடை ரூட்டர் வரைக்கும் பூட்டுப் போட்ட ஒரு பாதை திறந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். எந்தத் தகவல் அந்தப் பாதையில் போக வேண்டும், எது வீட்டுக்குள்ளேயே போக வேண்டும் என்பதை விண்டோஸ் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறது. சிக்கல் அங்கேதான். வீடு, ஆபீஸ் போன்ற உள் நெட்வொர்க்குகள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 1996லேயே சில முகவரிகளை ஒதுக்கிவிட்டார்கள்: 10ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168ல் தொடங்குபவை. இவ்வளவு இடம் இருந்தும் ரூட்டர் செய்பவர்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்று வைத்து அனுப்புகிறார்கள், நாமும் அப்படியே சொருகிவிடுகிறோம். உங்கள் வீடும் 192.168.1, கடையும் 192.168.1, டேலி கம்ப்யூட்டர் 192.168.1.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயர் எழுதாமல் "நடுத்தெரு, 20" என்று மட்டும் எழுதின கடிதத்தைப் போல, அந்த முகவரியை லேப்டாப் நாகலூர் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, அங்கே அப்படி ஒரு கம்ப்யூட்டர் இல்லை, தேடித் தேடிக் கைவிட்டுவிடுகிறது. விபிஎன் பாதை பக்கம் அது திரும்பவே இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் ஏன் வருகிறது? ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று தொடங்கும் முகவரி தரும், பழைய ஆண்ட்ராய்டு போன்கள் 192.168.43, புதியவை வேறு ஏதாவது எண். கடையோடு மோதவில்லை, அதனால் வழி சரியாகக் கிடைக்கிறது.

இதை ஊகமாக விட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விபிஎன் போடாமல் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். வைஃபை தலைப்பின் கீழே ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் வரும் முதல் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் யாரையாவது டேலி கம்ப்யூட்டரில் இதையே செய்யச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அந்த மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் காரணம் இதுதான். அப்புறம், ஓபன்விபிஎன் இதைத் தானே எழுதியும் வைக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானில் வலது கிளிக் செய்து வியூ லாக் கொடுத்தால், வார்னிங் என்று தொடங்கி "பொட்டென்ஷியல் ரூட் சப்நெட் கான்ஃப்ளிக்ட்" என்று ஒரு வரி, அதிலேயே வீட்டு முகவரி, கடை முகவரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பச்சை வந்துவிட்டால் யாரும் லாக் பக்கம் போவதில்லை, அதுதான் வருத்தம்.

தீர்வு: வீட்டு ரூட்டரின் முகவரியை மாற்றுங்கள். பிரவுசரில் 192.168.1.1 திறந்து, லேன் (உள் நெட்வொர்க்) அமைப்பில் அதை 192.168.77.1 என்று, அல்லது யாரும் சாதாரணமாக வைக்காத வேறு ஒரு எண்ணாக மாற்றுங்கள். அதே பக்கத்தில் டிஹெச்சிபி வரம்பு, அதாவது ரூட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் வரம்பு, இருக்கும், அது தானாக மாறாவிட்டால் 192.168.77.100 முதல் 192.168.77.200 வரை என்று நீங்களே கொடுங்கள். சேமித்தவுடன் இணைப்பு அறுந்துபோகும், பயப்பட வேண்டாம், ரூட்டரையும் லேப்டாப்பையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் புது முகவரி வந்துவிடும். வான் என்று இருக்கும் பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது இணைய இணைப்புக்கானது. வீட்டில் பிரிண்டருக்கோ கேமராவுக்கோ கையால் முகவரி போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

ஃபைபர் பெட்டியின் பாஸ்வேர்டை ஆபரேட்டர் தராத ஊர்கள் நம் பக்கம் நிறைய. தராவிட்டால் சண்டை வேண்டாம், சொந்தமாக ஒரு சின்ன வைஃபை ரூட்டர் வாங்கி அதன் பின்னால் இணைத்து, புது ரூட்டருக்கு 192.168.77 வைத்து லேப்டாப்பை அதில் சேருங்கள். வெளியே போகும் விபிஎன் இணைப்புக்கு இரட்டை ரூட்டர் பெரிய தடை இல்லை.

நியாயப்படி பார்த்தால் மாற வேண்டியது கடைதான். நாளைக்கு இன்னும் நான்கு பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் நான்கு வீட்டு ரூட்டரையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. கடை நெட்வொர்க்கை 10.87.43 போல யாருக்கும் இருக்க வாய்ப்பில்லாத எண்ணுக்கு ஒருமுறை கொண்டுபோய்விட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் பில் பிரிண்டர், சிசிடிவி, எடை பார்க்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலாளியிடம் சொல்லி வையுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஹாட்ஸ்பாட்டிலும் பச்சை வந்து எதுவுமே திறக்காமல் இருக்கலாம். அவர்களுக்குக் காரணம் வேறு. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் ஓபன்விபிஎன் இன்டராக்டிவ் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அது நின்றிருந்தால் வழித்தடத்தைச் சேர்க்க அனுமதி கிடைக்காது. அது சரி என்றால் டேலி கம்ப்யூட்டரின் ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸில் ஃபைல் ஷேரிங் விதிகள் பிரைவேட் நெட்வொர்க்கில் "லோக்கல் சப்நெட்" (அதே உள் நெட்வொர்க்) ஆட்களை மட்டும்தான் உள்ளே விடும், விபிஎன்னில் வருபவர் 10.8.0 போன்ற வேறு முகவரியோடு வருவதால் வெளி ஆள் என்று தள்ளிவிடும். அந்த விதியின் ஸ்கோப்பில் விபிஎன் முகவரி வரம்பைச் சேர்த்தால் போதும், ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் பெயரைப் போட்டால் வராமல் ஐபி எண்ணைப் போட்டால் வருகிறது என்றால் அது பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் விஷயம், எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மஞ்சள், அதாவது இணைய முயன்றுகொண்டே இருப்பது. ஹாட்ஸ்பாட்டிலும் மஞ்சள், அதுவும் சில நாள் காலையில் மட்டும் என்கிறீர்கள். லாக்கில் "டிஎல்எஸ் கீ நெகோசியேஷன்" 60 செகண்டில் நடக்கவில்லை என்ற வரி இருந்தால், நீங்கள் அனுப்புவது கடை ரூட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது பதில் திரும்பவில்லை. முந்தின நாள் இரவு செவ்வாய்ப்பேட்டையில் மின்சாரம் போனதா என்று கேட்டுப் பாருங்கள். கடை இணைப்புக்கு நிலையான ஐபி வாங்கவில்லை என்றால் ரூட்டர் அணைந்து எரியும்போது வெளி முகவரி மாறிவிடும், உங்கள் கோப்பில் இருப்பது பழைய முகவரி. கடையில் ஸ்டேடிக் ஐபி வாங்கலாம், அல்லது முகவரி மாறினாலும் ஒரே பெயரில் கடையைக் கண்டுபிடிக்க வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் போட்டு எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கோப்பில் வைக்கலாம். இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கடை ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அர்த்தம், அங்கே வெளியிலிருந்து உள்ளே வரவே வழியில்லை, டைனமிக் டிஎன்எஸ் உதவாது. அப்படியானால் பொது ஐபியை ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். மற்ற இடங்களில் பச்சை வந்து, ஒரு குறிப்பிட்ட வைஃபையில் மட்டும் மஞ்சளில் நின்றால் அந்த நெட்வொர்க் ஓபன்விபிஎன் வழக்கமாகப் போகும் யுடிபி 1194 வழியைத் தடுக்கலாம், அதற்கு டிசிபி 443ல் இன்னொரு கோப்பு தயாரித்துத் தரச் சொல்லலாம்.

மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், விபிஎன் கோப்பில் இருக்கும் அடையாளச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று விபிஎன் மறுத்துவிடும். விண்டோஸ் நேரத்தைச் சரி செய்தவுடன் இணைந்துவிடும். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும்போது ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைப்பது நல்லது, லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, பெட்டிக்கு இல்லை. ஹாட்ஸ்பாட்டையே நம்பியிருப்பவர்களுக்கு மே மாதக் கோடை விழா சமயம் கஷ்டம்தான், சுற்றுலா வந்தவர்கள் எல்லாருக்கும் அதே டவர்.

சின்ன ஃபைல் திறக்கிறது, பெரியது பாதியில் நிற்கிறது என்றால் பாக்கெட் அளவைப் பாருங்கள். விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைச் சுற்றுகிறது. வழக்கமான அளவு 1500 பைட், யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ ஃபைபரில் 1492, உறையோடு சேர்ந்து அதைத் தாண்டினால் வழியில் தொலையலாம். உங்கள் கோப்பை நோட்பேடில் திறந்து கடைசியில் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் 1300 (mssfix 1300) என்று ஒரு வரியை ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். குணமானால் அப்படியே விட்டுவிடலாம், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் உங்கள் "ரொம்ப மெதுவு"க்கு இது காரணம் இல்லை என்று நினைக்கிறேன். டேலி டேட்டா ஃபோல்டரை விபிஎன் வழியாக ஷேர் போட்டுத் திறப்பதே சரியான முறை இல்லை. ஒரு வவுச்சர் போட்டாலும் டேலி அந்தக் கோப்புகளில் பல இடத்தில் படித்து எழுதுகிறது, அத்தனையும் மலைக்கு வந்து திரும்புகிறது. எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு, கணக்கு பார்ப்பவர் உங்களுக்கு அதன் வலி தெரியும். விபிஎன் போட்டபின் ரிமோட் டெஸ்க்டாப்பில் கடைக் கம்ப்யூட்டருக்குள் போய் அங்கேயே டேலியைத் திறங்கள். திரை மட்டும்தான் உங்களிடம் வரும், இணைப்பு போனாலும் டேலி அங்கே அது பாட்டுக்குத் திறந்தே இருக்கும். இதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்பு வெளியாளை உள்ளே விடாது. ப்ரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான், நீங்கள் நுழைந்தால் கடையில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும், அதனால் உங்களுக்கென்று தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். விபிஎன் எதற்கு, ரூட்டரில் 3389 போர்ட்டை நேராகத் திறந்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் 3389ஐத் தேடிக்கொண்டே இருக்கும் கூட்டம் உண்டு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள் நுழையும் வழிகளில் அது முக்கியமானது.

அக்கா பையன் சொன்ன இலவச விபிஎன்: வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. உங்களுடையது உங்களைக் கடைக்குள் கொண்டுபோகிறது, அது உங்களை முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுபோகிறது, டேலி கம்ப்யூட்டர் அங்கே இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வழித்தடங்கள் ஒன்றையொன்று மறித்து, இப்போது ஓடுவதும் நின்றுபோகலாம். விபிஎன் சட்டப்படி சரியா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. இந்தியாவில் விபிஎன் தடை செய்யப்படவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு பொதுமக்களுக்கு விபிஎன் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது, அதனால் சில நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. ஆபீஸ் தன் ஊழியர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று விளக்கமும் தந்துவிட்டார்கள்.

கடைசியாக, அந்த ஓவிபிஎன் கோப்பு எப்படி உங்களிடம் வந்தது? வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அதுவும் குரூப்பில் என்றால், கடையில் சொல்லி அந்தச் சான்றிதழை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சாவியும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். புதியதைப் பென்டிரைவில் வாங்கி, லேப்டாப்பில் ஏற்றியவுடன் பென்டிரைவிலிருந்து அழித்துவிடுங்கள்.