பட்டமளிப்பு அங்கியைப் பார்த்தே பட்டத்தைச் சொல்ல முடியுமா?

ஜூலை மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் பக்கம் போனால் எல்லோரும் ஒரே மாதிரி அங்கியில் நிற்கிறார்களே, யார் இளநிலை, யார் முதுநிலை, யார் முனைவர் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அங்கியின் கையைப் பாருங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். இங்கிலாந்து மரபில் இளநிலை அங்கியின் கை அகலமாகத் திறந்து, கீழே கூராக முடியும். முதுநிலை அங்கியில்தான் வேடிக்கை: கை நீளமான பை போல அடியில் மூடியே இருக்கும், முழங்கை அருகே உள்ள பிளவு வழியாகத்தான் கரம் வெளியே வரும். என் அக்கா அந்தப் பைக்குள் கைப்பேசியைப் போட்டுவிட்டு அரங்கம் முழுக்கத் தேடினாள்!

முனைவரை அடையாளம் காண்பது சுலபம். மணி போல விரிந்த கை, பெரும்பாலும் சிவப்பு, தலையில் சதுரத் தொப்பிக்குப் பதிலாக வட்டமான வெல்வெட் தொப்பி. அமெரிக்க முறை என்றால் இரண்டு கைகளிலும் மூன்று மூன்று வெல்வெட் பட்டைகள் இருக்கும்.

முதுகில் தொங்கும் 'ஹூட்' துணியின் நிறம் பெரும்பாலும் துறையைக் காட்டும். ஆனால் அந்த நிறப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சிங்கப்பூரிலேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்குபவர்களும் நிறைய. அவர்களுடைய அங்கி பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் முறைப்படிதான் இருக்கும். அதனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை வைத்துத் துறையை ஊகிக்காதீர்கள், பட்டத்தின் நிலையை அறிய அங்கியின் கையை மட்டும் நம்புங்கள்.