டோக்யோ வர்ற தம்பிக்கு: உன் பிபிஎஸ் இங்க எடுபடாது

தம்பி, நீ கேட்டது மூணு விஷயம். வேலைக்கு டோக்யோ வர்றேன் வீடு எங்க பாக்கலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா, அப்புறம் டெட்ரிஸ்ல என் ஸ்பீடு 2 பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 2 பீஸ், அங்க கேம் சென்டர்ல ஆடுறவங்களுக்கு ஈடுகொடுக்க முடியுமான்னு. வீடு, சாப்பாடு ரெண்டுக்கும் நிஷி கசாய் பக்கம் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, நம்மாளுங்க அங்க நிறைய. நான் மூணாவதுக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா நான் வந்தப்ப இதைச் சொல்ல ஒருத்தரும் இல்ல.

அந்த 2 பிபிஎஸ்ஸை இங்க ஆர்கேட் ஆளுங்ககிட்ட சொல்லாத. பொய் சொல்றேன்னு நினைக்க மாட்டாங்க, ஆனா அவங்க ஆடுற ஆட்டத்துல அந்த நம்பருக்கு வேலையே இல்ல. நீ ஆடுற டெட்ரியோ மாதிரி ஆன்லைன் கேம்ல ஒரு பீஸ் உக்காந்த உடனே அடுத்தது வந்துரும், அதனால செகண்டுக்கு எத்தனை பீஸ்னு எண்றது சரிதான், 40 லைனை எவ்வளவு சீக்கிரம் அழிக்கிறோம்னு பாக்கிற ஸ்பிரின்ட்னா 100 பீஸ், அதை 50 செகண்ட்ல முடிச்சா 2 பிபிஎஸ். இங்க மெஷின்ல இருக்கிறது அரிகா கம்பெனி செஞ்சு 1998ல வந்த டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர், சுருக்கமா டிஜிஎம். அந்த முதல் டிஜிஎம்ல ஒரு பீஸ் லாக் ஆனதும், அதாவது நகர்த்த முடியாம உக்காந்ததும், அடுத்தது வர்றதுக்கு 30 ஃப்ரேம், கிட்டத்தட்ட அரை செகண்ட், லைன் அழிஞ்சா அதுக்குன்னு இன்னொரு 41 ஃப்ரேம் போகும். எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் செகண்டுக்கு 2 பீஸை தாண்ட மெஷினே விடாது. அப்புறம் பிபிஎஸ் எண்ணி என்ன பண்றது சொல்லு?

அதனால அவங்க பாக்கிறது லெவலும் கடிகாரமும். டிஜிஎம்ல லெவல் 999 வரைக்கும் போகும், ஒவ்வொரு பீஸுக்கும் ஒண்ணு ஏறும், லைன் அழிச்சா அதுக்கும் ஏறும், ஆனா 99, 199னு ஒவ்வொரு நூறோட வாசல்லயும் லைன் அழிக்காம உள்ள போக முடியாது. அந்த நூறு லெவல்தான் ஒரு செக்‌ஷன், எல்லாரும் பேசுறது செக்‌ஷன் டைம். கிராண்ட் மாஸ்டர் பட்டம் வேணும்னா 300ஐ 4:15க்குள்ள, 500ஐ 7:30க்குள்ள, 999ஐ 13:30க்குள்ள தாண்டணும், ஸ்கோரும் கூடவே இருக்கணும். 500லேர்ந்து 20ஜி, பீஸ் விழறதே கண்ணுக்குத் தெரியாது, மேல வந்த அதே ஃப்ரேம்ல கீழ உக்காந்திருக்கும். 2000ல வந்த ரெண்டாவது பாகத்தோட பிளஸ் பதிப்புல டெத் மோட் இருக்கு, அதுல முதல் பீஸ்லேர்ந்தே 20ஜி, 500ஐ 3:25க்குள்ள தொடலைன்னா ஆட்டம் அங்கயே முடிஞ்சுரும். 2005ல வந்த மூணாவதுல ஒரே அடியில 4 லைன் அழிச்சா லெவல் 6 ஏறும், அதனால அவங்க ஸ்பீடுங்கிறது வெறும் கை வேகம் இல்ல, அடுக்குற ஒழுங்கும் அதுக்குள்ளயே சேர்ந்துருது. எனக்கு இந்த அளவுகோல்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு, இதைத் திறந்த மனசோட சொல்றேன்.

இதைப் புரிஞ்சுக்காம இங்க பல வருஷமா இருக்கிற நம்ம பசங்க சிலபேரைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஸ்பிரின்ட் ஸ்க்ரீன்ஷாட்டை குரூப்புல போட்டுட்டு ஜப்பான்காரங்க ஸ்லோன்னு பேசுவாங்க, ஒரு நாள் கூட மெஷின் முன்னாடி உக்காந்திருக்க மாட்டாங்க. ஆன்லைன்ல ஆடுற ஜப்பான் ஆளுங்ககிட்டயும் எனக்குத் தெரிஞ்சவரை ஒரே அளவு கிடையாது, சிலர் நம்மள மாதிரி பிபிஎஸ் சொல்வாங்க, சிலர் நிமிஷத்துக்கு எத்தனை லைன்னு சொல்வாங்க. ஒரு பீஸுக்கு 4 கட்டம், ஒரு லைனுக்கு 10 கட்டம், அப்ப 1 பிபிஎஸ் நிமிஷத்துக்கு 24 லைன், உன் 2 வந்து 48. ஆனா சண்டை ஆட்டத்துல எதிராளி அனுப்புற குப்பை லைன்ல ஏற்கனவே 9 கட்டம் நிரம்பியிருக்கும், அதை அழிச்சா கை வேகம் கூடாமலே லைன் கணக்கு ஏறிரும், அதனால இந்தப் பெருக்கலை அங்க நம்பாத. ஒரே கலர் உருண்டைகளைச் சேர்த்து வெடிக்க வைக்கிற புயோ புயோ ஆடுறவங்க கூட உக்காந்தா அது வேற உலகம், எத்தனை செகண்ட்ல எத்தனை செயின், அதாவது ஒண்ணு வெடிச்சு அடுத்ததைத் தூண்டுற தொடர், கட்டினன்னு கேப்பாங்க, பெரிய செயினை முதல்ல வெடிக்கிறவனை விட எதிராளி வெடிச்சப்புறம் வெடிக்கிறவனுக்குத்தான் மரியாதை.

அமெரிக்காவுல இருக்கிற என் ஃப்ரெண்டு பழைய நின்டென்டோ டெட்ரிஸ் ஆடுறவன், அவன் ஸ்பீடைச் சொல்றது ஹெர்ட்ஸ்ல, செகண்டுக்கு எத்தனை தட்டு பட்டன்ல விழுதுன்னு. அதுல லெவல் 29ல ஒரு ஃப்ரேமுக்கு ஒரு கட்டம் இறங்கும், விரல் அந்த வேகத்துக்குத் தட்டலைன்னா பீஸ் ஓரத்துக்கே போகாது. 2023 டிசம்பர்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் லெவல் 157 வரைக்கும் போயி கேமையே உறைய வச்சான் பாரு, அது இந்த ஆட்டம்தான். அதுலயும் அமெரிக்க மெஷின் செகண்டுக்கு 60 ஃப்ரேம், ஐரோப்பாவுல 50, அங்க அந்தக் கடைசி வேகம் லெவல் 19லயே வந்துரும். ஒரே பேரு, லெவல் நம்பரை வச்சு ரெண்டு ஊர்க்காரங்க ஒப்பிடவே முடியாது.

நான் வந்தது குளிர்காலம். வெளிநாட்டுக்காரனுக்கு வீடு தர மாட்டேன்னு ஏஜென்ட் ஒவ்வொருத்தரா சொல்லி அனுப்பினாங்க, கிடைச்ச ரூம்ல ஹீட்டர் சரியா வேலை செய்யாது, பாஷையும் தெரியாது. சாயங்காலம் ஆனா கதகதப்புக்குன்னே கேம் சென்டர்ல போயி நின்னுக்குவேன். ஒரு வயசானவர் டெத் மோட் ஆடுவாரு, பின்னாடி நின்னு பாக்கிறவங்க யாரும் பேச மாட்டாங்க, ஆட்டம் முடிஞ்சதும் ஒருத்தர் மெதுவா டைமை மட்டும் சொல்லுவாரு, அவரு தலையாட்டுவாரு. எனக்கு ஜப்பானிய நம்பர் பழகினதே அங்கதான், நிமிஷம், செகண்ட், லெவல் எல்லாமே காதால கேட்டுக் கேட்டு. இன்னிக்கு என் செக்‌ஷன் டைமை அந்த பாஷையிலயே அவங்ககூட பேசுறேன், இதுல எனக்கு ரொம்பப் பெருமை உண்டு.

தகடனோபாபால மிகாடோன்னு கேம் சென்டர் இருக்கு, பழைய மெஷினுக்குப் பேர் போன இடம், அங்கேர்ந்து ஆரம்பி. கையில 100 யென் காசா வச்சுக்கோ. ஒருத்தர் ஆடும்போது பக்கத்துல நின்னு பேசாத, ஃபோன் எடுத்துப் படம் பிடிக்காத, பின்னாடி யாராவது காத்திருந்தா ஒரு ஆட்டம் முடிஞ்சதும் எழுந்துரு. வர்றதுக்கு முன்னாடி பழகணும்னா 2025ல ஸ்டீம்ல நாலாவது டிஜிஎம் வந்திருக்கு, அதை வாங்கி ஸ்பிரின்ட்டை ஒரு மாசம் மறந்துட்டு ஆடு. வந்ததும் முதல் டிஜிஎம்ல 300 வரைக்கும் எவ்வளவு ஆச்சுன்னு எனக்கு எழுது, 4:15க்கு மேலன்னாலும் பரவால்ல, எந்த செக்‌ஷன்ல நேரம் போகுதுன்னு பாத்துச் சொல்றேன்.