குவாண்டம் புலக் கோட்பாட்டை முதல்முறை படிக்கும்போது எங்கே நேரம் செலவிட வேண்டும்?

குவாண்டம் இயக்கவியல் நன்றாக வருகிறது, ஆனால் முதுகலையில் புலக் கோட்பாடு தொடங்கியதும் தலை சுற்றுகிறது, எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துகள்களின் இடைவினைகளைக் கோடுகளாக வரைந்து கணக்கிடும் ஃபெய்ன்மன் படங்களுக்கு அவசரப்படாதீர்கள். இடைவினையே இல்லாத ஸ்கேலார் புலத்தில் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையில்லாத ஒற்றை மதிப்பு கொண்ட புலம்) கொஞ்ச நாள் குடியிருங்கள். சலிப்பான பகுதி என்று பலரும் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பின்னால் வரும் குழப்பங்களுக்குப் பெரும்பாலும் வேர் அங்கேதான் இருக்கிறது.

குவாண்டம் இயக்கவியலில் இடம் ஓர் ஆபரேட்டர், காலம் வெறும் அளவுரு. சார்பியலுக்கு இந்தப் பாகுபாடு பிடிக்காது. புலக் கோட்பாடு இடத்தையும் காலத்தைப் போலவே வெறும் முகவரி ஆக்கிவிட்டு, ஆபரேட்டர் பதவியைப் புலத்துக்குக் கொடுக்கிறது. ஆக, புலம் அலைச்சார்பு அல்ல. கிளைன்-கோர்டன் சமன்பாட்டை ஒற்றைத் துகளின் அலைச்சார்புக்கு எழுதினால் நிகழ்தகவு அடர்த்தி எதிர்க்குறிக்கும் போகும். ஆபரேட்டருக்கு எழுதினால் அந்தத் தலைவலியே இல்லை. அப்புறம் ஃபூரியர் பிரித்தால் ஒவ்வொரு உந்தத்துக்கும் ஒரு ஹார்மோனிக் ஆஸிலேட்டர் கிடைக்கும். அதன் படிநிலை ஒன்று ஏறினால் ஒரு துகள் கூடியது என்று பொருள். அவ்வளவுதான், துகள் என்பது இதுதான்.

இங்கே ஒரு கணக்கை மட்டும் கண்டிப்பாகக் கையால் போட்டுப் பாருங்கள். ஒளியே கிளம்பினாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றை எட்ட முடியாத இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உண்டான துகள் இரண்டாவதில் இருப்பதற்கான வீச்சு (நிகழ்தகவைத் தரும் amplitude), தூரம் கூடக் கூட மளமளவென்று குறைகிறது, ஆனால் சுழியாவதில்லை. அப்படியானால் ஒளியை முந்திவிட்டதா? இல்லை. நாம் கேட்க வேண்டியது, ஓரிடத்தில் அளப்பது இன்னோரிடத்தைப் பாதிக்கிறதா என்பதுதான். அதற்குப் புலங்களின் கம்யூட்டேட்டரை, அதாவது இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசத்தைப் பாருங்கள். அதில் இரண்டு உறுப்புகள் இருக்கும். இப்படிப்பட்ட தொலைவுகளுக்கு ஒரு லோரன்ஸ் மாற்றம் ஒன்றை மற்றொன்றாக்கிவிடும், இரண்டும் கழிந்து சுழியாகும், அதாவது ஓரிடத்து அளவீடு இன்னோரிடத்தைப் பாதிக்காது. கலப்பெண் புலமானால் கழியும் இரண்டில் ஒன்று துகளுடையது, மற்றொன்று எதிர்த்துகளுடையது. இரண்டின் நிறையும் ஒன்றாக இருந்தால்தான் சரியாகக் கழியும். எதிர்த்துகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

தேவையான கணிதம் என்று பார்த்தால் கலப்பெண் தளத்தில் கான்டூர் தொகையீடு, நான்கு-வெக்டார் குறியீடு, லக்ராஞ்சியன், நோதர் தேற்றம். கான்டூர் வராவிட்டால் புரோபகேட்டரில் (ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் புலம் பரவுவதைச் சொல்லும் சார்பு) போலை, அதாவது சார்பு முடிவிலியாகும் புள்ளியை, எந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்பது மந்திரமாகவே இருக்கும். மெட்ரிக்கில் காலத்துக்கும் இடத்துக்கும் போடும் கூட்டல், கழித்தல் குறி புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் (இந்தச் சண்டை இப்போதைக்குத் தீராது!), நோட்டின் முதல் பக்கத்திலேயே உங்கள் குறியை எழுதிவிடுங்கள்.

இடைவினைக்குப் போன பிறகு ஒரே ஒரு செயல்முறையை எண் வரும்வரை போட்டு முடியுங்கள். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மியூவான் இணையாவதுதான் என் தேர்வு. காமா மேட்ரிக்ஸ் ட்ரேஸ், சுழற்சிச் (ஸ்பின்) சராசரி, கட்டவெளித் தொகையீடு எல்லாமே அதில் வந்துவிடும். ஃபோட்டான் வழியை மட்டும் எடுத்து நிறைகளை விட்டுவிட்டால் கோணப் பங்கீடு 1 + காஸ்² தீட்டா என்று வரும். மொத்த ஆற்றல் 10 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் குறுக்குவெட்டு (இந்தச் செயல்முறை நடக்கும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் அளவு) சுமார் 0.87 நானோபார்ன். உங்கள் விடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ தள்ளி நின்றால், சுழற்சிச் சராசரியில் தேடுங்கள்.

கணக்கில் வரும் முடிவிலிகளைச் சமாளிக்கும் ரீநார்மலைசேஷனை முதல் பருவத்திலேயே முழுதாக விழுங்க வேண்டாம். நான்காம் படி இடைவினை கொண்ட ஸ்கேலார் புலத்தில் ஒரு லூப் (ஃபெய்ன்மன் படத்தில் ஒரு மூடிய வளையம்) வரை போனால் போதும். 1948-இல் ஷ்விங்கர் கண்ட எலக்ட்ரானின் காந்தத் திருத்தம், அந்த 0.00116, இரண்டாம் பருவத்துக்கு இருக்கட்டும்.