போன் சொன்ன மருந்தும் பக்கத்துத் தோட்டத்துச் சிரிப்பும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டுக்காரர் தவறிய பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோவையில் படிக்கிற பேரன் என் போனில் ஏஐ போட்டுக் கொடுத்தான். கொழுந்தில் கொப்புளம் கண்டதும் போட்டோ எடுத்துக் கேட்டேன். நோயின் பெயர், மருந்து, டேங்குக்கு எவ்வளவு, எல்லாம் தமிழிலேயே சொன்னது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "போன் பேச்சைக் கேட்டா மருந்து அடிக்கப் போறே?" என்று சிரிக்கிறார். பேரனோ, அதற்குத் தெரியாததே இல்லை என்கிறான். யாரை நம்புவது?
- ஒரு வாசகி, நீலகிரி

பதில்: அம்மா, மருந்தை இன்னும் அடிக்கவில்லையே? நல்லது, இரண்டு நாள் பொறுங்கள்.

நோயின் பெயரைப் போன் சரியாகவே சொல்லியிருக்கலாம். நூறு வருஷத்துக்கு மேலாகத் தேயிலைக்காரர்கள் எழுதியும் படம் எடுத்தும் வைத்திருக்கிற நோய் அது. சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம். இளம் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே சின்னக் குழியாக இருக்கிற இடம், அடியில் வெள்ளை வெல்வெட் ஒட்டினாற்போல உப்பியிருந்தால் கொப்புள நோய்தான். இந்த அளவுக்குப் போனை நம்பினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தப்பென்றால் உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

டேங்குக்கு எவ்வளவு என்பதை எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்? அங்கேதான் எனக்குப் பயம். இந்தக் கருவி எங்கேயோ இருக்கிற அட்டவணையைப் புரட்டி அளவைச் சொல்கிறது என்று நினைக்கிறோம். அதன் அடிப்படை வேலையே வேறு. கோடிக்கணக்கான பக்கங்களில் பழகி, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. எண்ணும் அதற்கு ஒரு சொல் மாதிரிதான். சில கருவிகள் இணையத்தில் தேடியும் சொல்கின்றன. அப்போதும் ஹெக்டேர் கணக்கை ஏக்கர் கணக்காக எடுத்துக்கொள்ளாது என்று யார் உறுதி தருவது? கிளையை வெட்டிக் கவாத்து முடிந்து துளிர்க்கிற செடிக்கும் முற்றிய செடிக்கும் மருந்தடிக்கிற இடைவெளி வேறு. அதை நீங்கள் சொன்னீர்களா, அது கேட்டதா?

கவாத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் குன்னூரில் மூன்று வருஷம் குடியிருந்தவள். தேயிலைக் கவாத்துக்கு எந்த மாதம் நல்லது என்று ஒருநாள் இப்படி ஒரு கருவியைக் கேட்டேன். போலீஸ் கவாத்தைப் பற்றி நாலு பத்தி எழுதிக் கொடுத்தது, அத்தனை மரியாதையாக! சரியாகச் சொல்லும்போதும் அதே குரல், உளறும்போதும் அதே குரல். நம் ஆட்கள் தெரியாவிட்டால் கொஞ்சமாவது தலையைச் சொறிவார்கள்.

வக்கீல்களே ஏமாந்திருக்கிறார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேர் சாட்ஜிபிடி என்ற ஏஐ தந்த ஆறு தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் கொடுத்தார்கள். அப்படி ஒரு தீர்ப்பும் வந்ததே இல்லை. 5,000 டாலர் அபராதம் ஆயிற்று.

மழை விஷயத்திலும் கவனம் வேண்டும். நீலகிரி என்று மட்டும் கேட்டால் ஜூன், ஜூலையில் பெருமழை என்று சொல்லக்கூடும். அது கூடலூர், தேவாலா பக்கத்து மழை. உங்கள் பக்கம் கொட்டித் தீர்ப்பது ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து மண் சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈரமும் மூட்டமும் எப்போது என்பதை வைத்துத்தான் கொப்புளத்துக்கு மருந்தடிப்பதே. அந்தக் கணக்கில் போனைவிட நீங்கள் கெட்டிக்காரர்.

அதற்காகப் போனைத் தூக்கிப் போட வேண்டாம். பேங்கிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதச் சொல்லுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் போதும். ஆதார் எண், ஓடிபி எதையும் அதில் போடாதீர்கள். பிரஷர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

இப்போது மருந்துக்கு வருவோம். தேயிலைக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்று தேயிலை வாரியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அவ்வப்போது மாற்றவும் செய்கிறது. போன் படித்தது பழைய பட்டியலாக இருக்கலாம். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம் என்பதும் முக்கியம். மருந்து மிச்சம் இருக்கிறதென்று ஃபேக்டரியில் கொழுந்தைத் திருப்பி அனுப்பினால் பேரனா பணம் கொடுப்பான்? நோய் கண்ட இலை நாலைந்தைக் காகிதத்தில் மடித்து, போன் சொன்ன அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு குன்னூர் பஸ் ஏறுங்கள். அங்கே தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், அந்த அண்ணனையும் கூட்டிப் போங்கள். கொப்புளம் காற்றில் பரவுகிறது, வேலி பார்த்து நிற்பதில்லை. சிரித்து முடித்ததும் தன் கொழுந்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.