கீபோட்டை ஊரில விட்டிட்டு வாரும் தம்பி

கோண்டாவில் தம்பிக்கு,

நீர் நாலு விசயம் கேட்டிருக்கிறீர். தை மாசம் ரொறன்ரோவுக்குப் படிக்க வாறீர். ஊரில இசைக்குழுவில வாசிச்ச 61 கீ கீபோட்டைக் கொண்டு வரலாமோ, இஞ்ச தமிழ் இசைக்குழுவளோட வாசிச்சு செலவுக்கு உழைக்கலாமோ, அரசியல் கதைக்கிற ஆக்களோட எப்பிடிப் பழகிறது, குளிர் உடுப்பும் அறையும் என்ன மாதிரி. கடைசிக் கேள்விக்கு மறுமொழி சொல்ல உமக்கு ஒன்பது மாமாமார் இருப்பினம், அவையிட்டக் கேளும். அறையைப் பற்றி ஒண்டு மட்டும் சொல்லுறன். வீட்டுக்காரரோட குசினியோ குளிக்கிற அறையோ பங்கு போட்டால் ஒன்ராறியோ வாடகைச் சட்டம் உமக்குப் பொருந்தாது. அவர் போகச் சொன்னால் வாடகைத் தீர்ப்பாயத்தில முறையிட ஏலாது. தனிக் குசினி, தனி வாசல் எண்டால் முதல் மாசக் காசும் கடைசி மாசக் காசும் கேக்கலாம். அதுக்கு மேல உடைவுக்கெண்டு ஒரு தொகை கேட்டால் அது சட்டத்துக்கு மாறு, குடுக்காதையும்.

இனிக் கீபோட். ஊரில கரண்ட் 230 வோல்ற், இஞ்ச 120. அடப்ரரின்ர முதுகைத் திருப்பிப் பாரும். 100-240 எண்டு அடிச்சிருந்தால் பிளக்கின்ர காலை மாத்தினால் போதும். 230 எண்டு மட்டும் இருந்தால், அதுகும் செங்கல் மாதிரிப் பாரமான பழைய அடப்ரர் எண்டால், அதை அங்கையே விடும். இஞ்ச புதுசு வாங்கேக்க மூண்டை ஒத்துப் பாக்க வேணும். வோல்ற் சரி சமனாய் இருக்க வேணும், சில கீபோட்டுக்கு 12, சிலதுக்கு 16. அம்பியர் பழசுக்குச் சமனாயோ கூடவோ இருக்க வேணும். ஊசியின்ர நடுவில பிளஸ்ஸோ மைனஸ்ஸோ எண்டு கீறியிருக்கிற படமும் ஒத்துப் போக வேணும். அம்ப்ளிபையரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கொண்டு வாறதை மறந்துவிடும். பின்னால 115/230 சுவிச் இருக்கிற சாமானிலயும் சுவிச்சைத் தட்டினால் வேலை முடியாது, பியூசையும் மாத்த வேணும். வோல்ற் பாதியாகேக்க அம்பியர் இரட்டிக்கும். அதை மறந்த ஆக்களின்ர பெட்டி முதல் பாட்டிலயே செத்துப் போகும்.

அடுத்தது பாரம். கனக்க விமானங்களில ஒரு பொதிக்கு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டி 158 சென்ரிமீற்றர். 61 கீ கீபோட் கிட்டத்தட்ட ஒரு மீற்றர். பெட்டியோட சேர்த்தால் 160ஐத் தாண்டும், தனிக் காசு அழ வேணும். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டால் இஞ்ச பாவிச்ச கீபோட் திறமாய் வாங்கலாம். உமக்குத் தேவையானது அதுக்குள்ள கிடக்கிறது: நீர் செய்த ஸ்ரைல்கள் (தானாய் ஓடுற தாளப் பின்னணி), பதிவு நினைவகம் (சேமிச்சு வைச்ச அமைப்புகள்), ரோன்கள் (வாத்தியச் சத்தங்கள்). எல்லாத்தையும் யூஎஸ்பியில இரண்டு பிரதி எடும். காசு குடுத்து வாங்கின ரோன் பொதிகள் சிலது அந்த ஒரு கருவியின்ர அடையாளத்தோட பூட்டினவை, வேற கருவியில ஏறாது. விக்கிறதுக்கு முதல் அதைப் பாரும்.

இஞ்ச வாங்கின பிறகும் குளிர் உம்மைச் சோதிக்கும். வெளியில மைனஸ் 15, கார் டிக்கியில கிடந்த கீபோட்டைச் சூடான மண்டபத்துக்குள்ள கொண்டு வந்து உடன உறையைக் கழட்டினால், குளிர்ந்த போத்தலில வேர்க்கிற மாதிரி உள்ளுக்குள்ள தண்ணி கட்டும். உறை பூட்டினபடி ஒரு ரெண்டு மணித்தியாலம் கிடக்க விட்டிட்டுத்தான் கரண்ட் குடுக்க வேணும். மிருதங்கம், வயலின், வீணை எண்டால் இன்னும் கவனம். மாரியில சூடாக்கி ஓடுற வீட்டுக் காத்து வறண்டு போகும், பலாமரம் வெடிக்கும், தோல் இறுகிச் சுருதி ஏறும். ஈரப்பதம் அளக்கிற சின்ன மானி ஒண்டு வாங்கி 40க்கும் 50க்கும் இடையில வைச்சிருக்க வேணும்.

இப்ப உழைப்பு. நான் ஆகலும் பயப்படுறது இதிலதான். படிப்புக்கால விசாவில படிக்கேக்க கிழமைக்கு 24 மணித்தியாலம் மட்டும் வெளியில வேலை செய்யலாம், 2024 கார்த்திகையில இருந்து அதுதான் கணக்கு. விடுமுறைக் காலத்தில முழுநேரம் செய்யலாம். மேடையில வாசிச்சு வாங்குற காசும் வேலைதான். சொந்தமாய் உழைக்கிற ஆள் எண்டபடியால் மணித்தியாலத்தை நீரே கொப்பியில எழுதி வைக்க வேணும். கடை வேலை 20 மணித்தியாலம் செய்திட்டு, சனிக்கிழமை ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் எண்டு பாரும். வாசிக்கிறது 4 மணித்தியாலம். சாமான் ஏத்தி இறக்கி, வயர் பூட்டி, சவுண்ட் பாத்து, விடியப்புறம் கழட்டி முடிக்க 9 ஆகும். "கையில தாறன் தம்பி, ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு சொல்லுவினம். தெரிய வந்தால் போறது அவையின்ர விசா இல்லை, உம்மட விசா. படிப்பு முடிய எடுக்கிற வேலை அனுமதியும் அதோட சேர்ந்து போகும்.

அதால காசைக் கணக்கில வாங்கும். 9இல தொடங்குற சமூகக் காப்புறுதி இலக்கம் உமக்குக் கிடைக்கும், விசா முடியிற திகதியோட அதுகும் முடியும். வியாபாரமாய் நடத்துற ஒராள் உமக்கு வருசத்தில 500 டொலருக்கு மேல சேவைக்காசு தந்தால், அந்த வருமானத்தைக் காட்டுற ரி4ஏ படிவம் தர வேணும். தொடர்ந்து நாலு காலாண்டில 30,000 டொலருக்குக் கீழ எண்டால் எச்எஸ்ரி எண்ட விற்பனை வரிக்குப் பதியத் தேவையில்லை. சொந்தமாய் உழைக்கிற ஆளுக்கு வருமானக் கணக்குக் குடுக்க ஆனி 15 வரைக்கும் காலம் இருக்கு, வரி கட்ட வேண்டி வந்தால் அதுக்குக் கடைசி நாள் சித்திரை 30. ரெண்டையும் குழப்பினால் வட்டி ஏறும்.

ஒப்பந்தமெண்டு பெரிசாய் ஒண்டும் வேண்டாம். மின்னஞ்சலில ஆறேழு வரி போதும்: திகதி, மண்டபத்துக்கு வர வேண்டிய நேரம், எத்தினை மணித்தியாலம் வாசிப்பு, நேரம் தாண்டினால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு, சவுண்ட் ஆற்ற பொறுப்பு, முற்பணம், நிகழ்ச்சி நிண்டால் முற்பணம் என்ன ஆகும். "ஓம்" எண்டு மறுமொழி வராமல் ஒத்திகைக்குப் போகாதையும். அலங்காரத்துக்கும் படப்பிடிப்புக்கும் ஆயிரக்கணக்கில கொட்டுற வீட்டில, வாசிக்கிற பெடியனிட்ட மட்டும் "எங்கட ஆக்கள் தானே, பாத்துச் செய்யும்" எண்டு பேரம் பேசுவினம். இந்தப் பழக்கத்தை நினைச்சால் வயிறு எரியுது. எங்கட சனம் 40 வருசமாய் ரெண்டு வேலை, மூண்டு வேலை செய்து இந்த ஊரில நிமிர்ந்த சனம். உழைப்பின்ர விலை தெரிஞ்ச சனம் பாட்டுக்காரனுக்கு அந்த விலையைக் குடுக்கத்தான் வேணும்.

மேடைக்கு 6.3 மில்லிமீற்றர் ஜாக் வயர் நாலு கொண்டு போம், ரெண்டு பாவிக்க, ரெண்டு கை காவலுக்கு. கீபோட்டின்ர சத்தத்தைச் சவுண்ட்காரற்ற மிக்சருக்கு அனுப்புற டிஐ பெட்டி ஒண்டு உம்மட சொந்தமாய் இருக்கட்டும். ம்ம் எண்டு இரைச்சல் வந்தால் முதல் அதின்ர கிரவுண்ட் சுவிச்சைத் தூக்கிப் பாரும். பேந்தும் நிக்காட்டில் வண்ண விளக்குகள் பூட்டின பிளக்கில இருந்து உம்மட சாமானை வேற பிளக்குக்கு மாத்தும். அடப்ரர் பிளக்கின்ர மூண்டாம் காலை முறிக்கச் சொல்லுறவை இருக்கினம். அதை மட்டும் ஒருநாளும் செய்யாதையும், ஆளுக்குக் கரண்ட் அடிக்கும்.

என்னத்தை வாசிக்கிறது? இஞ்சத்தை மேடையள் முழுக்க சென்னைச் சினிமாப் பாட்டுத்தான், அதுகும் குரலை எடுத்துப்போட்ட மைனஸ் ட்ராக்கைப் போட்டிட்டு. எங்களிட்ட எங்கட பாட்டு இருந்தது. அறுபதுகளின்ர கடைசியில, எழுபதுகளில பொப் இசை எண்டு ஒண்டு இலங்கை வானொலியால ஊரெல்லாம் பரவினது. உரும்பிராய் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் எண்டு பாடினவை. இலங்கையின்ர ஆட்டப்பாட்டான பைலாவின்ர 6/8 தாளத்தில எங்கட பேச்சுத்தமிழ். கீபோட்டோட வாற 6/8 ஸ்ரைல் பெரும்பாலும் ஆறுதலான பாட்டுக்குச் செய்தது, வேகத்தைக் கூட்டினால் பைலா ஆகாது. பேஸையும் கிற்றார் வெட்டையும் நீரே எழுதிச் சேர்க்க வேணும். அந்த வேலைக்கு இஞ்ச ஆள் பஞ்சம்.

பாட்டுக் கேக்கிறதுக்கு எங்கட சனம் பட்ட பாடும் உமக்குத் தெரிய வேணும். 1990இல யாழ்ப்பாணத்தில சண்டையால கரண்ட் போய், பற்றரியும் தடைப்பொருளான காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, சில்லோட சாய்ச்ச டைனமோ 6 வோல்ற், 3 வாற் தரும். அது ஏசி. நாலு டயோட்டைப் பாலமாய்ப் பூட்டி, ஒரு கொண்டென்சர் போட்டு டிசியாக்கித்தான் றேடியோவுக்குக் குடுக்கிறது. மெதுவாய்ச் சுத்தினால் பாடுறவற்ற குரல் அமுங்கும். வேகமாய்ச் சுத்தினால் வோல்ற் பாய்ஞ்சு றேடியோ எரியும், அதைத் தடுக்கப் பக்கத்தில ஒரு 6 வோல்ற் பல்பையும் பூட்டி வைக்கிறது. கை உளைய ஆள் மாறி ஆள் சுத்த, முற்றத்தில பத்துப் பன்ரண்டு பேர் இருந்து கேக்கும். இண்டைக்கு 400 பேர் இருக்கிற மண்டபத்தில எல்லாற்ற கையிலயும் போன், எல்லாரும் படம் பிடிக்கினம். ஒரு பாட்டை முழுக்கக் கேக்கிற ஆள் எத்தினை?

நீர் சொந்தமாய்ப் பாட்டுச் செய்தால், பதிவு நடக்கிற அண்டைக்கே ஒரு தாளில பங்கை எழுதும். வரி எழுதினவர், மெட்டுப் போட்டவர், பாடினவர், ஆளுக்கு எத்தினை வீதம், கூட்டினால் 100 வர வேணும், எல்லாரும் கையெழுத்து. பாட்டு ஓடின பிறகு எழுத வெளிக்கிட்டால் சண்டைதான். சினிமாப் பாட்டைப் பாடி யூரியூப்பில ஏத்தினால் உரிமைக் கோரல் வரும், விளம்பரக் காசு கொம்பனிக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்ரைக் எண்டது வேற, அது உரிமை மீறினதுக்கு வாற எச்சரிக்கை. 90 நாளைக்குள்ள மூண்டு வந்தால் சனலே போகும்.

அரசியல். 1983க்குப் பிறகு இஞ்ச வந்த சனம் அரசியலால வந்த சனம், அதைப் பேசாமல் இருக்க ஏலாது. ஒன்ராறியோவில 2021இல ஒரு சட்டம் வந்தது, வைகாசி 18இல முடியிற கிழமை தமிழினப்படுகொலை அறிவூட்டல் கிழமை. நினைவுநாளுக்குப் போம், வாசியும். காசு கேட்டால் மட்டும் நிண்டு யோசியும். பதிஞ்ச அறக்கட்டளை எண்டால் 9 இலக்கமும் பிறகு ஆர்ஆர்0001 எண்டும் ஒரு எண் இருக்கும். கனடா வருமானத்துறையின்ர இணையத்தளத்தில அதைப் போட்டுப் பாக்கலாம். எண் இல்லாட்டில், பற்றுச்சீட்டு இல்லாட்டில், குடுக்காதையும். இஞ்ச தடைசெய்த அமைப்புகளுக்குக் காசு போய்ச் சேர்ந்தால் அது குற்றம். ஊருக்குத் திரும்பிப் போறதெண்டால் முகநூலில போட்டதையும் நினைவில வைச்சிரும். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பதிவுக்காகப் பிடிபட்ட பெடியள் இருக்கினம்.

இன்னொண்டு. 2024 கார்த்திகைத் தேர்தலில யாழ்ப்பாணத்தில 6 இடத்தில 3 தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனதெண்டு இஞ்ச கனபேர் ஊர்ச்சனத்தை ஏசினவை. 2022இல பெற்றோல் வரிசையில நிக்காத ஆக்கள், நிண்ட சனத்துக்குப் பாடம் எடுக்கிறது பிழை. உம்மையும் கேப்பினம், நீர் கண்டதைக் கண்டபடி சொல்லும்.

வாறதுக்கு முதல் ஒரு வேலை செய்யும். கீபோட்டில இருக்கிற தாள ரோன்கள் பெரும்பாலும் தபேலாவும் டோலக்கியும்தான். தவில் மேதை தட்சணாமூர்த்தி வாசிச்ச மண்ணின்ர தவில் அதுக்குள்ள இல்லை. இணுவிலிலயோ அளவெட்டியிலயோ ஒரு வித்துவானிட்ட முறையாய்க் கேட்டு, அவற்ற நேரத்துக்குக் காசு குடுத்து, தவிலைப் பதியும். போனில வேண்டாம், அது சத்தத்தைத் தானாய் ஏத்தி இறக்கும். வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக், 48 கிலோஹேட்ஸ், 24 பிற், உச்சம் மைனஸ் 12 டெசிபெலில நிக்க வேணும். ஒவ்வொரு சொல்லையும், அதாவது ஒவ்வொரு அடியையும், மெல்லனவில இருந்து பலக்க நாலு அளவில, அளவுக்கு அஞ்சு தரம், ஒண்டு அடங்கின பிறகு மற்றது. பேந்து அவரை விருப்பத்துக்கு ஒரு தனி வாசிக்க விடும். ஒரு மணித்தியாலம் கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும். கோப்பின்ர பேரில வித்துவானின்ர பேர், ஊர், திகதி, சுருதி எழுதும். ஒரு பிரதி கைப்பையில, மற்றது அவரிட்ட.